மூடுபனிக்கு ஏற்ற தாள்: பிலிம் கமராவில் நேர்ப்படத் தாளைப் பயன்படுத்தும் முறை

பிலிம் கமராவில் பிலிமுக்குப் பதிலாக ஒரு துண்டுத் தாளை வைத்துப் படமெடுக்கலாம். நெகட்டிவ் கிடையாது. பெரிதாக்கும் கருவியும் வேண்டாம். கமராவுக்குள் வைத்த அதே தாளை இருட்டறையில் கழுவினால் கறுப்பு வெள்ளைப் படம் கைக்கு வந்துவிடும். இதற்கென்றே செய்யப்படும் தாளை டைரக்ட் பொசிட்டிவ் தாள் என்பார்கள். இந்தக் கட்டுரையில் அதை நேர்ப்படத் தாள் என்று சொல்கிறேன். இங்கிலாந்தின் மொபர்லியில் இல்ஃபோர்ட் பிலிம்களைத் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தின் தாள்தான் பலரும் அறிந்தது. பெட்டியை இருட்டில் மட்டுமே திறக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து தருவிக்கும்போது, ஒளிபட்டால் கெட்டுவிடும் பொருள் என்று பொதியின் வெளிப்பக்கத்தில் பெரிதாக எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

இந்தத் தாள் மந்தமானது, ஆகவே கொளுத்தும் வெயிலில் பயன்படுத்த வேண்டும் என்பது தொடங்குபவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் ஆலோசனை. இலங்கையின் மலையகத்தில் இருப்பவர்களுக்கு நான் நேர்மாறாகச் சொல்வேன். ஹட்டனிலோ அப்புத்தளையிலோ மூடுபனி இறங்கும் நேரமே இந்தத் தாளுக்கு உகந்த நேரம். காரணம் தாளின் குணத்தில் இருக்கிறது. கமராவைத் தொடும் முன் அந்தக் குணத்தைப் புரிந்துகொள்வது அவசியம்.

தாளின் குணம்

ஒளியே படாத தாளை, படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசலான டெவலப்பரில் போட்டால் அது முழுக் கறுப்பாகும். ஒளி பட்ட இடங்கள் கறுக்கும் சக்தியை இழந்து வெண்மையாக நிற்கும். சாதாரணத் தாளில் நடப்பதற்கு இது தலைகீழ். படம் வெளுத்து வந்தால் ஒளி கூடிவிட்டது, இருண்டு வந்தால் ஒளி போதவில்லை. நெகட்டிவ் பார்த்துப் பழகியவர்களுக்குக் கை தானாகவே எதிர்த்திசையில் திருத்தப் போகும். முதல் சில நாட்கள் இந்த விதியைச் சுவரில் எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் ஒளியுணர்வு மிகக் குறைவு: ஐஎஸ்ஓ 1 முதல் 3 வரை. ஐஎஸ்ஓ 3 என்று வைத்துக்கொண்டாலும், ஐஎஸ்ஓ 100 பிலிமுக்குத் தேவையானதைப்போல் ஏறத்தாழ 33 மடங்கு ஒளி வேண்டும். அத்துடன் இது கடுமையான தாள். வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடையிலான நுண்ணிய சாம்பல் படிகளைப் பிடித்து வைக்காது. உச்சி வெயிலில் ஒரு லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டை, எடுத்தால் தகரக் கூரை வெறும் வெள்ளையாகவும் இஸ்தோப்பின் (முன்விறாந்தையின்) உட்புறம் வெறும் கறுப்பாகவும் போய்விடும், இரண்டுக்கும் நடுவே ஒன்றும் மிஞ்சாது. மூடுபனி அந்த இடைவெளியைத் தானே குறைத்துவிடுகிறது. நிழல்களுக்குள் சிதறிய ஒளி புகுகிறது, வானம் பெரிய வெள்ளைத் துணியைப்போல எல்லாப் பக்கமும் ஒரே சீராக ஒளிர்கிறது. மூடுபனியைப் பரிந்துரைப்பது இதனால்தான்.

சிவப்பு இந்தத் தாளின் கண்ணுக்குத் தெரியாது. இருட்டறையில் கடுஞ்சிவப்பு விளக்கில் வேலை செய்ய முடிவதற்குக் காரணமும் அதுவே. படத்தில் அதன் விளைவு பெரிது. குங்குமப் பொட்டும் செம்பருத்தியும் வெற்றிலை போட்ட வாயும் செம்மண் பாதையும் கறுப்பாக வரும். நீல வானம் வெளுத்துவிடும். தோலின் நிறம் இருப்பதைவிடக் கருமையாகவும், ஒவ்வொரு சுருக்கமும் தெளிவாகவும் பதியும். 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் டிக்கோயாவில் இறந்து, பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்ட பிரித்தானியப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் பயன்படுத்திய கொலோடியன் கண்ணாடித் தகடுகளும் நீலத்தையும் புறஊதாவையும் மட்டுமே உணர்ந்தன. அக்காலப் படங்களில் நம் மக்களின் முகங்கள் அவ்வளவு இருண்டு தெரிவதில் தகட்டின் பார்வைக் குறைபாட்டுக்கும் பங்குண்டு. நீங்கள் இந்தத் தாளில் ஒரு முகத்தை எடுக்கும்போது அதே குறைபாடு உங்கள் கைக்கும் வருகிறது. ஆகவே முகத்துக்கு எப்போதும் கொஞ்சம் தாராளமாக ஒளி கொடுங்கள். பின்னணி வெளுத்துப் போனாலும் பரவாயில்லை, முகம் இருளில் மூழ்கக் கூடாது.

கடைசியாக, படம் இடவலம் மாறி வரும். நானுஓயா புகையிரத நிலையப் பெயர்ப்பலகையை எடுத்தால் மூன்று மொழி எழுத்துகளும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருக்கும். சேலையின் முந்தானை வலத் தோளுக்குப் போய்விடும். ஆனால் படத்தில் இருப்பவர் தன்னைக் கண்ணாடியில் பார்த்தே பழகியவர், அவருக்கு இது வித்தியாசமாகத் தெரியாது. எழுத்து வரும் காட்சிகளைத் தவிர்த்தால் போதும்.

எந்தக் கமரா?

முழுக்க இயந்திரத்தால் இயங்கும், பிலிம் இல்லாமலும் ஷட்டர் விழும் கமரா வேண்டும். தானாகப் பிலிம் சுற்றும் மின்கமராக்களை விட்டுவிடுங்கள். அவை தாளைக் கசக்கும், அல்லது பிலிம் இல்லை என்று இயங்கவே மறுக்கும்.

35 மில்லிமீற்றர் கமராவில் செய்யலாம், ஆனால் படத்தின் அளவு 24க்கு 36 மில்லிமீற்றர்தான். பெரிதாக்க வழியில்லாததால் முத்திரை அளவுப் படத்தோடு திருப்திப்பட வேண்டும். பழகுவதற்கு அது மலிவான வழி. கையில் கொடுத்துப் பார்க்கத்தக்க படம் வேண்டுமென்றால் 6க்கு 6 சென்ரிமீற்றர் அளவுள்ள பழைய இரட்டை லென்ஸ் கமராவைத் தேடுங்கள். லூபிட்டெல், யாஷிகா டி போன்றவற்றில் ஷட்டரைத் தனி நெம்புகோலால் இழுத்துவிடலாம், பிலிம் சுற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. 4க்கு 5 அங்குலத் தாள் செருகும் பெரிய கமரா கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

கமராவே இல்லாதவர்கள் தேயிலை டின் ஒன்றை உட்புறம் மங்கல் கறுப்பாகப் பூசி, ஊசித்துளையிட்டுத் தொடங்கலாம். 0.4 மில்லிமீற்றர் துளை, தாளுக்குப் பத்து சென்ரிமீற்றர் தூரம் என்றால் அது எஃப் 250 (தூரத்தைத் துளையின் அகலத்தால் வகுத்தால் வருவது எஃப் எண்). நல்ல வெயிலில் ஒன்றரை நிமிடத்திலிருந்து சோதித்துப் பாருங்கள். மூடுபனியில் பத்து நிமிடத்துக்கு மேலே போகும்.

வெட்டுவதும் ஏற்றுவதும்

இரவில் செய்யுங்கள். பழைய லயங்களின் உட்காம்பராவில் (உள்ளறையில்) ஜன்னல் இல்லாததால் இருட்டறைக்கு அதிக வேலை இல்லை. கதவிடுக்கில் கம்பளியைத் தொங்கவிட்டு, அடுப்பின் தணல் வெளிச்சம் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் அதே காரணத்தால் காற்றோட்டமும் இருக்காது. கழுவும் நாட்களில் இடையிடையே கதவைத் திறந்துவிட வேண்டும்.

சிவப்பு விளக்குப் பாதுகாப்பானதா என்று முதலில் சோதியுங்கள். ஒரு துண்டுத் தாளில் நாணயத்தை வைத்து, நீங்கள் வேலை செய்யும் தூரத்தில் விளக்கின் கீழ் ஐந்து நிமிடம் விட்டுப் பின் டெவலப் செய்யுங்கள். நாணயம் இருந்த இடம் சுற்றியுள்ளதைவிடக் கறுப்பாக இருந்தால் விளக்கு கூடுதல் பிரகாசம், அல்லது சிவப்புப் போதவில்லை.

35 மில்லிமீற்றர் கமராவுக்கு 35க்கு 45 மில்லிமீற்றர், இரட்டை லென்ஸ் கமராவுக்கு 61க்கு 68 மில்லிமீற்றர் என்று தடித்த அட்டையில் அச்சு வெட்டி வைத்துக்கொண்டால் இருட்டில் அளக்க வேண்டியதில்லை. கமராவுக்குக் கமரா சிறு வித்தியாசம் இருக்கும். வெள்ளைத் தாளில் பகலில் வெட்டிப் பொருத்திப் பார்த்துவிட்டு அச்சை முடிவு செய்யுங்கள். பெரிய கமராவின் தாளுறையில் தாள் இறுகினால் ஓரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் நறுக்கலாம்.

ஏற்றும் முறை இதுதான். லென்ஸ் மூடியைப் போடுங்கள். ஷட்டரை முதலில் இழுத்துவிடுங்கள்; தாளை வைத்த பிறகு இழுத்தால் 35 மில்லிமீற்றர் கமராவின் பற்சக்கரம் தாளைக் கிழிக்கலாம். பிறகு பின்கதவைத் திறந்து, பளபளப்பான பக்கம் லென்ஸைப் பார்க்கும்படி தாளைப் படச்சாளரத்தின் மேல் வைத்து மூடுங்கள். ஷட்டர் திரையில் விரல் படவே கூடாது. கதவு மூட மறுத்தால் அழுத்தாதீர்கள், தாள், பிலிம் ஓடும் தண்டவாளத்துக்கு வெளியே நிற்கிறது என்று பொருள். பின்பக்கத்தில் சிவப்புச் சாளரம் உள்ள கமராவில் அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டுங்கள்.

ஒரு தடவைக்கு ஒரு படம்தான். தோட்டத்துக்குப் போகும்போது அடுத்த தாளை மாற்ற வெளிச்சம் புகாத மாற்றுப்பை ஒன்று கையில் இருக்க வேண்டும். வெட்டிய தாள்களை ஒரு கறுப்பு உறையிலும் எடுத்து முடித்தவற்றை இன்னொன்றிலும் வையுங்கள். இரண்டாவது உறையின் மூலையை வெட்டி அடையாளம் செய்தால் இருட்டில் விரலே சொல்லிவிடும்.

பருவமும் நேரமும்

மலையகம் முழுவதற்கும் ஒரே காலநிலை என்று நினைக்கக் கூடாது. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா உள்ள மேற்குச் சரிவில் ஜனவரி முதல் மார்ச் வரை காய்ந்த குளிர். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவ மழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் மலையின் மறுபுறம் என்பதால் ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்டிருக்கும், வடகீழ்ப் பருவத்தில் நனையும். கொழுந்துக்கு மணம் ஏறும் இந்த இரு வறண்ட காலங்களே புதியவர்களுக்கும் நல்ல காலம். விடியற்காலை மூடுபனி கிடைக்கும், கழுவிய தாளும் காயும். பதுளைப் பக்கமான ஊவாவில் கச்சான் காற்று வீசும் நாட்களில் மட்டும் கவனம் தேவை: கால் செக்கன் ஷட்டரில் தேயிலைச் செடி அசைந்து மங்கிவிடும், முக்காலியும் நடுங்கும்.

மூடுபனியிலும் தரம் உண்டு. ஐம்பதடி தூரத்து மரம் தெரியாத அடர்ந்த பனியில் எல்லாம் ஒரே சாம்பலாகிவிடும். எதிர்மலையின் கோடு மங்கலாகத் தெரியும் மெல்லிய பனிதான் வேண்டியது. நீல ஒளியை அதிகம் உணரும் தாள் என்பதால், உங்கள் கண்ணுக்குத் தெரியும் தூரத்து மலை படத்தில் காணாமலே போகலாம். ஆகவே அருகில் ஓர் இருண்ட பொருளை வைத்துப் படத்தை அமையுங்கள்: சவுக்கு மரம், கவ்வாத்து வெட்டிய செடிகளின் கறுத்த கிளைகள், படங்கு கட்டி நிற்கும் ஒருவர். படத்தைத் தாங்கும் கறுப்பு அதிலிருந்து வரும்.

ஒளியை அளத்தல்

ஒளிமானியில் ஐஎஸ்ஓ 3 இருந்தால் அதையே வையுங்கள். ஐஎஸ்ஓ 25 வரைதான் குறைகிறது என்றால், காட்டும் நேரத்தை எட்டால் பெருக்குங்கள். கைபேசி ஒளிமானியில் ஐஎஸ்ஓ 100 என்றால் 33ஆல். கையில் கருவி எதுவும் இல்லாவிட்டால் இப்படித் தொடங்கலாம்: முழு வெயிலில் எஃப் 8, 1/12 செக்கன், நடைமுறையில் 1/15 அல்லது 1/8. மெல்லிய மூடுபனியில் எஃப் 5.6, 1/8 செக்கன். இஸ்தோப்பின் திறந்த நிழலிலும் அடர்ந்த முகிலின் கீழும் எஃப் 5.6, 1/4 செக்கன். ஒரு செக்கனுக்கு மேலே போனால் தாள் இன்னும் மந்தமாகும், கணக்கைவிடக் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

ஒளிமானிக்கு எல்லா நிறமும் தெரியும், தாளுக்குத் தெரியாது. இதனால் நிழலிலும் பனியிலும் நீலம் கூடிய ஒளியில் தாள் ஒளிமானியைவிடச் சற்று வேகமாக நடந்துகொள்ளும். மாலை ஐந்து மணி மஞ்சள் வெயிலில் அதே தாள் தூங்கிவிடும், இரண்டு மடங்கு நேரம் கொடுத்தாலும் இருண்டு வரலாம். வீட்டுக்குள் மஞ்சள் மின்குமிழ் வெளிச்சத்தை நம்பவே வேண்டாம்.

முதல் நாள் மனிதர்களை எடுக்காதீர்கள். வெள்ளைச் சுவரும் பச்சைச் செடியும் இருண்ட கதவும் ஒன்றாகத் தெரியும் ஓரிடத்தைத் தெரிந்து, ஒரே காட்சியை ஐஎஸ்ஓ 1.5, 3, 6 என்று மூன்று தாள்களில் எடுங்கள். வெள்ளைச் சுவரின் காரை தெரியும் படமே உங்கள் கமராவுக்கும் உங்கள் பெட்டித் தாளுக்கும் சரியான அளவு. அதைக் குறித்து வைத்துக்கொண்டு அங்கிருந்து நகருங்கள்.

வெயிலில் எடுத்தே ஆகவேண்டும் என்றால் முன்னொளி கொடுக்கலாம். இருட்டறையில், மெல்லிய வெள்ளைத் தாள் பல மடிப்புச் சுற்றிய சிறு டார்ச் ஒன்றைக் கூரையை நோக்கிப் பிடித்து, ஒரு துண்டுத் தாளைப் படிப்படியாக மூடி 1, 2, 4, 8 செக்கன்கள் ஒளி காட்டி டெவலப் செய்யுங்கள். கறுப்பு வெளுக்கத் தொடங்கும் படிக்கு முந்திய படியே உங்கள் அளவு. எல்லாத் தாள்களுக்கும் அவ்வளவு ஒளியைக் காட்டிய பிறகு கமராவில் ஏற்றினால், நிழலில் மூழ்கும் விவரங்கள் மேலே வரும். மூடுபனியில் இது வேண்டாம், பனியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால் கறுப்பே இல்லாத சோர்ந்த படம்தான் கிடைக்கும்.

மனிதர்களை எடுப்பது பற்றி ஒன்று. கொழுந்து பறிப்பவர்களை மலையில் நிறுத்தி வைக்காதீர்கள், அவர்களுக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு. கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் நிறுவை முடிந்த பிறகு, அனுமதி கேட்டு, அவர்களுக்கு ஓய்விருந்தால் எடுங்கள். சுவரிலோ தூணிலோ சாய்ந்து நின்றால் கால் செக்கன் அசையாமல் இருப்பது எளிது. எப்போதும் இரண்டு தாள்கள் எடுங்கள். நெகட்டிவ் இல்லாததால் பிறகு பிரதி போட முடியாது. ஒன்று அவருக்கு, ஒன்று உங்களுக்கு. நல்லது எதுவோ அதை அவருக்குக் கொடுங்கள்.

கழுவுதல்

சாதாரணக் கறுப்பு வெள்ளைத் தாளுக்குரிய டெவலப்பரே போதும். ஒன்றுக்கு ஒன்பது பங்கு நீர் என்று கலக்கும் வகையானால், சிறு தாள்களுக்கு 20 மில்லிலீற்றர் டெவலப்பரும் 180 மில்லிலீற்றர் நீரும். வேலை செய்யும் வெப்பநிலை 20 பாகை. மலையகத்தில் புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையே 16 பாகையளவு. இரவில் குழாய் நீர் அதைவிடக் குளிரும். குளிர்ந்த டெவலப்பர் சோம்பலாகி, கறுப்பு முழுமையடையாமல் சேற்றுச் சாம்பலில் நின்றுவிடும். கேத்தல் நீரைக் கலந்து 20 பாகைக்குக் கொண்டுவந்து, டெவலப்பர் தட்டை வெந்நீர் ஊற்றிய பெரிய பேசினுக்குள் வையுங்கள். வெப்பமானி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். ஊற்று நீர் என்றால் மண் போக, மடித்த வெள்ளைத் துணியில் முதலில் வடியுங்கள்.

டெவலப்பரில் 2 நிமிடம், தட்டை இடைவிடாமல் மெல்ல ஆட்டியபடி. படம் இருண்டு வருகிறதே என்று பாதியில் எடுக்க வேண்டாம். ஒளி போதாத படத்தைக் குறைத்துக் கழுவிக் காப்பாற்ற முடியாது. பிறகு டெவலப்பரின் வேலையை நிறுத்தும் நிறுத்துகரைசலில் 10 செக்கன். காற்றோட்டமற்ற அறையில் அசற்றிக் அமிலத்தைத் தவிருங்கள். லீற்றருக்கு 15 கிராம் சிற்றிக் அமிலம் கரைத்தால் மணமே இருக்காது. பிறகு, படத்தை நிலைப்படுத்தும் கரைசலான விரைவு ஃபிக்ஸரை ஒன்றுக்கு நான்கு பங்கு நீரில் கலந்து, அதில் 1 நிமிடம். அதிகநேரம் விட்டால் ஃபிக்ஸர் தாளின் நாருக்குள் ஊறி, பின்னால் கழுவுவது கடினமாகும். இந்தத் தட்டுகளும் அளவுகோப்பைகளும் மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது, குழந்தைகள் கைக்கும் எட்டக் கூடாது.

இது பிளாஸ்டிக் பூச்சில்லாத நார்த்தாள் என்பதால், கழுவ ஓடும் நீரில் ஒரு மணி நேரம் வேண்டும். நீர் அவ்வளவு இல்லாத வீட்டில், பேசின் நீரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றி அதே ஒரு மணி நேரம் செய்யலாம். இறுதிக் கழுவலுக்காகப் பீலிக்குக் கொண்டு போகாதீர்கள். அது குளிக்கவும் குடிக்கவும் எல்லோரும் நீர் பிடிக்கும் இடம்.

பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும், நீர்வாழ் உயிர்களுக்கு அது நஞ்சு. லயத்துக் கானில் (வடிகாலில்) ஊற்றினால் அது அருவிக்குப் போகும். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்து ஓயாக்கள் கெசல்கமு ஓயாவாகவும் மஸ்கெலி ஓயாவாகவும் சேர்ந்து களனி கங்கையாகின்றன. கொழும்பின் குழாய் நீரில் பெரும்பகுதி அந்தக் கங்கையிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆகவே ஃபிக்ஸரையும் முதல் கழுவல் நீரையும் மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து, பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பளியைப் போட்டுச் சில நாள் விடுங்கள். வெள்ளி கரிய மண்டியாகப் படியும். வறண்ட காலத்தில் அகன்ற பிளாஸ்டிக் பேசினில், வீட்டுக்கும் தோட்டத்துக்கும் எட்டத்தில் வற்றவைத்து மண்டியைப் போத்தலில் அடைத்து வையுங்கள்.

கழுவிய தாளைக் கண்ணாடியில் கவிழ்த்து நீரை ஒற்றி எடுத்து, இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு இடையே வைத்துப் புத்தகப் பாரத்தின் கீழ் உலரவிடுங்கள். மழைக்காலத்தில் ஒற்றுத்தாளை நாளுக்கொரு முறை மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்ததும் பின்பக்கத்தில் பென்சிலால் திகதி, இடம், எஃப் அளவு, நேரம், வானத்தின் நிலை ஆகியவற்றை எழுதுங்கள். கொடுக்கும் முன் கைபேசியால் ஒரு பிரதி எடுத்து இடவலம் திருப்பி வைத்துக்கொள்ளலாம். சட்டமிட்டுக் கொடுப்பதானால் கண்ணாடி போட்டுக் கொடுங்கள், விறகடுப்புப் புகை படும் சுவரில் மாட்ட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.